தொண்ணூற்றாறு மணிகளும் இரட்டை அம்புக்குறியும்

போன வாரம் மகள் வேதியியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அந்தப் பக்கமாகப் போனதும், "சமநிலைன்னா ரெண்டு பக்கமும் சமமா ஆயிடும், அப்புறம் வினை நின்னுடும், அவ்வளவுதானேப்பா?" என்றாள். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு இருக்கிறது, அந்த இரண்டையும் அட்சரம் பிசகாமல் பதினொன்றாம் வகுப்புப் பரீட்சையில் எழுதி முட்டை வாங்கியவன் நான். எது தப்பு என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சிவப்பு மையில் ஒரு சுழி மட்டும் இருந்தது.

பாதிப் பழியை அந்த வார்த்தை மேல் போடலாம். சமநிலை என்றதும் மனதுக்குள் வருவது தராசு. இரண்டு தட்டு, இரண்டிலும் ஒரே எடை, நடுவில் முள் அசையாமல் நிற்கிறது. வேதியியலில் சமமாக இருப்பது பொருளின் அளவே கிடையாது, வேகம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற வேகமும் அங்கிருந்து திரும்பி வருகிற வேகமும் ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அளவு எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், ஒரு பக்கம் தொண்ணூற்றொன்பது பங்கும் மறுபக்கம் ஒரே ஒரு பங்கும் என்றுகூட. அதனால்தான் புத்தகத்தில் 'இயங்குச் சமநிலை' என்று போட்டிருக்கிறார்கள். நாம் மனப்பாடம் செய்யும்போது முன்பாதியை விழுங்கிவிடுகிறோம்.

இதை வாயால் சொன்னால் ஏறாது என்று எனக்குத் தெரியும், எனக்கே ஏறவில்லையே. அவளுடைய கைவேலை டப்பாவில் சின்னச் சின்ன மணிகள் இருந்தன. வெள்ளை மணி 96 எண்ணி எடுத்தோம், இரண்டு கிண்ணம் வைத்தோம். இடது கிண்ணம் வினைபடுபொருள், வலது கிண்ணம் வினைவிளைபொருள். ஒரே ஒரு விதி: ஒவ்வொரு சுற்றிலும் இடதில் இருப்பதில் பாதி வலதுக்குப் போக வேண்டும், அதே சமயத்தில் வலதில் இருப்பதில் கால்வாசி இடதுக்கு வர வேண்டும். பாதி, கால் என்ற பங்குகள் மாறாது. எத்தனை மணி நகர்கிறது என்பது அந்தந்தக் கிண்ணத்தில் அந்த நேரத்தில் எத்தனை இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

96 மணியையும் இடதில் கொட்டி ஆரம்பித்தோம். முதல் சுற்றில் 48 போனது, வலதில் எதுவும் இல்லாததால் எதுவும் வரவில்லை. ஆக 48, 48. "பாத்தீங்களா, சமமாயிடுச்சு!" என்று அவள் கையைத் தூக்கிவிட்டாள். இன்னொரு சுற்று ஓட்டு என்றேன். 24 போனது, 12 வந்தது: 36, 60. அடுத்ததில் 18 போய் 15 வந்தது: 33, 63. அதற்கடுத்த சுற்றில் மணியை உடைக்க வேண்டிய நிலை (33இல் பாதி பதினாறரை), சரி முழுசாக்கிக்கொள்ளலாம் என்று 17ஐ அனுப்பி 16ஐ வாங்கினோம்: 32, 64. அதற்கப்புறம் 16 போனது, 16 வந்தது. மறுபடி 16 போனது, 16 வந்தது. நாலைந்து சுற்று பார்த்துவிட்டு, "இதுக்கு மேல ஆடுறது வேஸ்ட்பா, கைதான் வலிக்குது, எதுவும் மாற மாட்டேங்குது" என்றாள்.

கை வலிக்கிறது, எதுவும் மாறவில்லை. இதைவிட நல்ல வரையறையை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அப்புறம் தலைகீழாக ஆரம்பித்தோம். 96ஐயும் வலதில் போட்டால்? 24 வந்தது: 24, 72. 12 போய் 18 வந்தது: 30, 66. 15 போய் பதினாறரை, சரி 17 வந்தது: 32, 64. எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பினாலும் வந்து சேரும் இடம் ஒன்றே. இது மணி விளையாட்டில் மட்டும் நடக்கிற தந்திரம் அல்ல. எத்தனாலையும் அசிட்டிக் அமிலத்தையும் ஒன்றுக்கு ஒன்று மோல் கணக்கில் கலந்து வைத்தால் எஸ்டரும் நீரும் உண்டாகும், ஆனால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாறியதோடு சரி, எத்தனை நாள் வைத்தாலும் அதற்கு மேல் போகாது. எஸ்டரையும் நீரையும் அதேபோல் கலந்து எதிர்ப்பக்கத்திலிருந்து கிளம்பினாலும் கடைசியில் குடுவைக்குள் இருப்பது அதே கலவைதான். 1860களின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெர்த்தலோவும் பியான் த சான்-ஜில்லும் பொறுமையாக உட்கார்ந்து அளந்தது இது. பொறுமை என்று சும்மா சொல்லவில்லை, சாதாரண வெப்பத்தில் இந்த வினை ஆமை வேகத்தில் நடக்கும்.

உள்ளே உண்மையிலேயே போக்குவரத்து நடக்கிறது என்று எப்படித் தெரியும், நின்றுபோய்விட்டது என்றே வைத்துக்கொண்டால் என்ன? நியாயமான சந்தேகம். அதற்கும் மணி இருந்தது. 32, 64 என்று நின்ற கிண்ணங்களில் இடதிலிருந்து பத்து வெள்ளை மணியை எடுத்துவிட்டு அதற்குப் பதில் பத்து சிவப்பு மணி போட்டோம், எண்ணிக்கை மாறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்து நாலு சுற்று ஓட்டினாள். எண்ணிக்கை அதே 32, 64. ஆனால் சிவப்பு மணி வலதிலும் வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் சிவப்பு மணிக்குப் பதில் ஐசோடோப்பு, அதாவது அதே தனிமத்தின் எடை மட்டும் வேறான அணு. நைட்ரஜன், ஹைட்ரஜன், அம்மோனியா மூன்றும் சமநிலையில் இருக்கிற கலத்தைப் போலவே, அதே அளவுகளில், ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான உடன்பிறப்பான டியூட்டிரியத்தை வைத்து இன்னொன்று தயார் செய்து, இரண்டையும் கலந்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அம்மோனியாவின் மொத்த அளவு அப்படியே இருக்கும். ஆனால் ஒரே மூலக்கூறில் ஹைட்ரஜனும் டியூட்டிரியமும் கலந்து உட்கார்ந்திருக்கும். உடைந்து மறுபடி சேராமல் அது நடக்காது.

இந்த 32க்கு 64, அதாவது ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம்தான் சமநிலை மாறிலி. இதைக் கணக்காக்கியவர்கள் நார்வேக்காரர்கள் இரண்டு பேர், குல்ட்பெர்க், வாகே, 1864இல். நார்வே மொழியில் வெளியிட்டதால் ரொம்ப நாளைக்கு யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆங்கிலத்தில் இவர்களைப் பற்றி எழுதும்போது ஒரே சொல்லில் பிரதர்-இன்-லா என்று முடித்துவிடுவார்கள். நமக்குத்தான் வசதி: இருவரும் அக்கா தங்கையைக் கட்டியதால் முதலில் சகலைகள், வாகேயின் மனைவி இறந்தபின் அவர் குல்ட்பெர்கின் தங்கையைக் கட்டியதால் அப்புறம் மைத்துனர்கள். பாடத்துக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் நிறைத்தாக்க விதி (இவர்கள் கணக்காக்கியதற்கு அதுதான் பெயர்) என்று கேட்டால் எனக்கு முதலில் இதுதான் ஞாபகம் வரும். சமன்பாட்டின் நடுவில் சமநிலையைக் காட்டப் போடுகிற அந்த எதிரெதிர் இரட்டை அம்புக்குறி இன்னும் இருபது வருஷம் கழித்து 1884இல் டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப் கொண்டுவந்தது. வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு வாங்கியவர்.

இனி பிரெஞ்சு வேதியியலாளர் லீ சாட்லியர். இவருடைய தத்துவத்தைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யாதவர்கள் இருக்க மாட்டார்கள்: சமநிலையில் இருக்கும் அமைப்பை எதாவது தொந்தரவு செய்தால், அந்தத் தொந்தரவின் விளைவைக் குறைக்கும் திசையில் அது நகரும். இங்கே எல்லோரும் சறுக்குகிற இடம் 'குறைக்கும்' என்ற சொல். அதை 'இல்லாமல் ஆக்கும்' என்று படித்துவிடுகிறோம். மணியிடம் கேட்போம். 32, 64 இருக்கும்போது இடதில் புதிதாக 48 மணியைக் கொட்டினோம்: 80, 64. இப்போது 40 போகிறது, 16தான் வருகிறது: 56, 88. அடுத்து 28க்கு 22: 50, 94. இன்னும் இரண்டு சுற்று, மறுபடியும் முழுசாக்கிக்கொண்டு, 48, 96இல் வந்து நின்றது. 32 இருந்த இடம், 80க்கு எகிறி, 48க்கு இறங்கியது. பழைய 32க்குத் திரும்பவில்லை. வலதும் 64இல் இருந்து 96க்கு ஏறிவிட்டது. பழையபடி இருப்பது ஒன்றே ஒன்று, அந்த ஒன்றுக்கு இரண்டு. இதில் 'அமைப்பு எதிர்க்கிறது', 'ஈடுகட்ட விரும்புகிறது' என்றெல்லாம் எழுதுவது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. மணிக்கு என்ன விருப்பம்? இடதில் நிறைய இருந்தது, அதில் பாதி என்றால் நிறையப் போகிறது. முடிந்தது கதை.

வினையூக்கியை இதே விளையாட்டில் ஒரு வரியில் முடித்துவிடலாம். பாதி, கால் என்பதற்குப் பதில் கால், அரைக்கால் என்று விதியை வைத்தாலும் 32, 64இல்தான் போய் நிற்கும், என்ன, அதிகச் சுற்று ஆகும். வினையூக்கி செய்வது அதைத் திருப்பிப் போட்டது, இரண்டு பங்கையும் ஒரே மடங்கில் ஏற்றுவது. சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்குமே தவிர இடத்தை மாற்றாது.

இடத்தை மாற்றுவது வெப்பநிலை. பாதி, கால் என்ற விதியையே அது மாற்றிவிடுகிறது, அதுவும் இரண்டையும் வேறுவேறு அளவில். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை இதைக் கண்ணால் பார்த்தேன். வாயை உருக்கி மூடிய மூன்று கண்ணாடிக் குமிழ்கள், மூன்றிலும் ஒரே அளவு நைட்ரஜன் டை ஆக்சைடு. இரண்டு மூலக்கூறு சேர்ந்தால் நைட்ரஜன் டெட்ராக்சைடு, அதற்கு நிறமில்லை. பிரிந்து தனித்தனியாக இருந்தால் செம்பழுப்பு. பிரிவதற்கு வெப்பம் வேண்டும். ஒரு குமிழைப் பனிக்கட்டிக்குள் வைத்தார்கள், ஒன்றை மேசையில், ஒன்றை வெந்நீரில். பனிக்கட்டியில் வைத்தது இரண்டு மூன்று நிமிஷத்தில் வெளிறி, பழைய காகிதம் மாதிரி லேசான மஞ்சளாகிவிட்டது. வெந்நீரில் வைத்தது இருட்டு மாதிரிக் கறுத்த பழுப்பு. பிறகு இரண்டையும் இடம் மாற்றினார்கள். வெளிறியது நம் கண்முன்னே கறுக்கிறது, கறுத்தது வெளிறுகிறது. உள்ளே எதையும் சேர்க்கவில்லை, எடுக்கவும் இல்லை. நாங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் மூடிய குமிழ் அது, ஒவ்வொரு வருஷமும் புதிய மாணவர்களுக்காகக் கறுத்து வெளிறிக்கொண்டிருந்தது. (விஷவாயு. குமிழை யாரும் தொடக் கூடாது என்று உதவியாளர் பக்கத்திலேயே நின்றார்.)

இதெல்லாம் தெரியாமல் காசை இரும்புக் கோபுரமாகக் கட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊதுலையில் இரும்புத் தாதுவிலிருந்து கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைப் பறித்து அதை இரும்பாக்கும், ஆனால் மேலே புகைபோக்கி வழியாகக் கணிசமான கார்பன் மோனாக்சைடு வினைபுரியாமலேயே வெளியேறிக்கொண்டிருந்தது. அத்தனையும் வீண்தானே என்று எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். தாதுவோடு போதிய நேரம் இருக்கவில்லை போல, உலையை உயரமாகக் கட்டினால் சரியாகிவிடும் என்று முடிவு செய்து, இங்கிலாந்தில் 30 மீட்டர் வரை உயர்த்தினார்கள். வெளியேறும் வாயுவின் பங்கு குறையவில்லை. எப்படிக் குறையும், அது நேரம் போதாமல் தப்பித்த வாயு அல்ல, சமநிலையில் இருக்க வேண்டிய பங்கு. நூறு சுற்று ஓட்டினாலும் இடது கிண்ணத்தில் 32 இருக்கத்தான் செய்யும். இந்தக் கதையை எடுத்துச் சொன்னவர் லீ சாட்லியரேதான்.

அவ்வளவு தெரிந்த மனிதருக்கே கை நழுவிப்போன ஒன்று உண்டு என்பதுதான் சோகம். 1901இல் அவரே நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர்ந்த அழுத்தத்தில் இரும்பு வினையூக்கி வைத்து அம்மோனியாவாக்கிப் பார்த்தார். கலத்துக்குள் காற்று கலந்துவிட்டது, அதாவது ஆக்சிஜன், ஹைட்ரஜனோடு. வெடித்தது. உதவியாளர் மயிரிழையில் தப்பினார். அதோடு லீ சாட்லியர் அந்த முயற்சியை விட்டுவிட்டார். 1909இல் ஹேபர் செய்து காட்டினார், போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்து 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் ஆலை ஓட ஆரம்பித்தது, இருவருக்கும் வெவ்வேறு ஆண்டுகளில் நோபல். லீ சாட்லியர் பிற்காலத்தில் தன் ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரிய தவறு அது என்று வெளிப்படையாகவே வருந்தியிருக்கிறார்.

அம்மோனியா வினையில் உள்ள இழுபறியை யோசித்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். வினை வெப்பத்தை உமிழ்கிறது, ஆகவே குளிராக வைத்தால் நிறைய அம்மோனியா. ஆனால் குளிராக வைத்தால் வினையே நகராது, நம் ஆயுள் முடிந்துவிடும். சூடாக்கினால் வேகமாக நடக்கும், ஆனால் கொஞ்சமாகக் கிடைக்கும். நான்கு மூலக்கூறு (ஒரு நைட்ரஜன், மூன்று ஹைட்ரஜன்) சேர்ந்து இரண்டு மூலக்கூறாகக் குறைவதால் (இடமும் குறைவாகவே பிடிக்கும்) அழுத்தம் கூட்டினால் நல்லது, ஆனால் அழுத்தம் கூடக் கூட இரும்பும் காசும் தாங்காது. கடைசியில் 400இலிருந்து 450 டிகிரி செல்சியஸ், 200 வளிமண்டல அழுத்தம் என்று ஒரு பேரத்துக்கு வந்தார்கள். அப்படி வந்தும் ஒருமுறை உள்ளே போகிற வாயுவில் சுமார் 15 சதவீதம்தான் அம்மோனியாவாகிறது. பதினைந்தை வைத்துக்கொண்டு தொழிற்சாலை நடத்த முடியுமா என்று நினைப்போம். வெளியே வருவதைக் குளிரவைத்து அம்மோனியாவை மட்டும் திரவமாக்கி வடித்துவிட்டு, மிச்ச 85ஐ மறுபடி உள்ளே திருப்பி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் வலது கிண்ணத்தைக் காலி செய்துகொண்டே இருந்தால் திரும்பி வர எதுவும் இருக்காது, இடது கிண்ணம் கடைசி மணி வரை கரையும்.

இதே வேலையை இயற்கை ஒரு ஏரிக்கரையில் செய்துகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் இந்தப் பாடம் முழுவதுமே தொடங்கியது. 1798இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போன பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தொலே (முன்னால் சொன்ன பெர்த்தலோ வேறு, இவர் அவருக்கு இரண்டு தலைமுறை மூத்தவர், நானும் பல வருஷம் குழம்பியிருக்கிறேன்) அங்கே நேட்ரான் ஏரிகளின் ஓரத்தில் சோடியம் கார்பனேட் பாளம் பாளமாகப் படிந்திருப்பதைப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் சோடியம் கார்பனேட்டையும் கால்சியம் குளோரைடையும் கலந்தால் உடனே சுண்ணாம்புக் கல்லின் பொருளான கால்சியம் கார்பனேட் வெள்ளையாகக் கீழே இறங்கிவிடும், உப்பு மிஞ்சும். அது ஒருவழிப் பாதை என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஏரியில் நடந்ததோ நேர்மாறு: ஏராளமான உப்பும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்து சோடியம் கார்பனேட்டைத் தந்துகொண்டிருந்தன, அது கரையில் ஒதுங்கியபடியே இருந்தது. எது எதோடு சேரும் என்பது பொருளின் குணத்தை மட்டும் பொறுத்ததல்ல, எவ்வளவு இருக்கிறது என்பதையும் பொறுத்தது என்று அவர் சொன்னார்.

இவ்வளவையும் மகளுக்குச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தேன். இரண்டு நாள் கழித்து, பாதி குடித்த சோடா பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கப்போனேன். என்னிடம் ஒரு மூடி இருக்கிறது, மேலே சின்ன பம்ப் வைத்தது, பாட்டிலை மூடிவிட்டு இருபது முப்பது தடவை அடித்தால் உள்ளே அழுத்தம் ஏறும், வாயு வெளியே வராது என்று விற்கிறார்கள். அதற்கு முன்பு பாட்டிலை நசுக்கி மூடிவைக்கும் கட்சியில் இருந்தேன், நசுங்கிய பாட்டில் காலையில் உப்பி நிமிர்ந்திருக்கும். அதை நிமிர்த்தியதே கரைசலிலிருந்து வெளியே வந்த வாயுதான் என்று தெரிந்தபின் பம்புக்கு மாறினேன். அழுத்தம் கூடினால் வாயு கரைந்தே இருக்கும், லீ சாட்லியர் தத்துவம், என்று அடித்துக்கொண்டே அவளிடம் சொன்னேன்.

"அதுல நீங்க அடிக்கிறது காத்துதானேப்பா?"

ஆமாம் என்றேன்.

"தண்ணிக்குள்ள திரும்பிப் போக வேண்டியது கார்பன் டை ஆக்சைடு இல்லையா? மேல எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு இருக்கோ அதுல ஒரு பங்குதான் திரும்பிப் போகும். நீங்க வேற டப்பாவில இருந்து பச்சை மணியைக் கொட்டிட்டு, வெள்ளை மணி ஜாஸ்தியா வரும்னு சொல்றீங்க."

கையில் பம்போடு நின்றேன். காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம். மொத்த அழுத்தம் ஏறுகிறது, கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அந்த ஒரு வாயுவின் பங்கு) அப்படியேதான் இருக்கிறது, சமநிலைக்கு அதுதான் கணக்கு. மறுநாள் திறக்கும்போது 'புஸ்' என்று பெரிதாகச் சத்தம் வருமே, அதை நம்பித்தான் ஏமாந்திருக்கிறேன். அது நான் அடித்த காற்று எனக்கே திரும்பி வருகிற சத்தம். இரண்டு வருஷமாக மாங்கு மாங்கென்று அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.